கை முதலில் விழித்தது

மயக்க மருந்து கொடுத்தால் ஆள் எங்கே போகிறார் என்று நான் கேட்காத மனிதர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் தெருமுனை டீக்கடைக்காரர் மூக்கில் ஆபரேஷன் செய்துகொண்டவர். "ஒண்ணு ரெண்டு எண்ணச் சொன்னாக. மூணு சொல்லல, முடிஞ்சுபோச்சு எந்திரிங்கன்னாக. நடுவுல இருந்த நேரத்தக் களவாண்டது யாருன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல" என்றார். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அக்கா கர்ப்பப்பையை எடுத்தவர். அவர் சொன்னது வேறு: "தூங்குனா இருட்டாவது இருக்கும்ல? இதுல இருட்டும் கெடையாதுடி, மணி."

இப்படி ஆளாளுக்குச் சொல்வதைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாவதோடு நின்றுபோனது. மிச்சத்தை ஜனங்கள் வாயிலிருந்தும், கையில் கிடைத்த புத்தகங்களிலிருந்தும் நானாகப் படித்துக்கொண்டேன். இப்போது அந்த இடத்துக்கு நானும் போய்விட்டு வந்துவிட்டேன். புண் ஆறிவிட்டது; மில்லுக்குப் போகிறேன்; பரோட்டாவைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்கிறேன். ஆபரேஷன் என்றதும் சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறவர்கள் என்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வலி முதலில் வந்தது ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு. வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகைச் சுற்றிக்கொண்டு தோள்பட்டைக்கு ஏறியது. வாய்வு என்றார்கள். சோடா குடித்தேன், ஓமத்தண்ணீர் குடித்தேன், பூண்டைச் சுட்டுத் தின்றேன். வாசம்தான் மிச்சம். ஒருநாள் மில்லில் மெஷினைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபோது பேச்சியம்மா பார்த்துவிட்டாள்.

பேச்சியம்மா சோழபுரத்துக்காரி. ராஜபாளையம் ரோட்டில் நாங்கள் வேலை பார்க்கிற நூல் மில்லில், நான் ஒரு மெஷின், அவள் எதிர் மெஷின். சின்ன வயசிலிருந்து அப்படித்தான். நூற்பு மெஷின்கள் ஓடுகிற கொட்டகைக்குள் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாரும் கையால்தான் பேசுவோம். தண்ணீர், சாப்பாடு, நூல் சுற்றுகிற பாபின் நிறைந்துவிட்டது, வீட்டில் சண்டை, புதுச்சேலை எல்லாவற்றுக்கும் கையில் வார்த்தை உண்டு. ஆட்களுக்கும் கைப்பெயர் உண்டு. மீசையை முறுக்குகிற மாதிரி காட்டினால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். என் வீட்டுக்காரருக்கும் ஒரு கைப்பெயர் வைத்திருந்தோம். அது அவருக்குத் தெரியாது.

அன்றைக்குப் பேச்சி எதிர்ப்பக்கத்திலிருந்து என் வயிற்றைக் காட்டினாள், பிறகு கழுத்தில் குழாய் மாட்டுகிற மாதிரி காட்டினாள், பிறகு செருப்பால் அடிப்பேன் என்று காட்டினாள். டாக்டரிடம் போகாவிட்டால் நடப்பது அதுதான் என்று புரிந்துகொண்டு போனேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அவ்வளவு நேரமும் போனில் யாருக்கோ பரோட்டாவுக்கு ஊற்றுகிற சேர்வை எப்படி வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மல்லி இவ்வளவு, தேங்காய் இவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்ல என் வயிறு அவருக்குப் பதில் சொன்னது. உள்ளே போனால், பித்தப்பையில் கல். ஈரலுக்கு அடியில் சின்னப் பை ஒன்று தொங்குகிறதாம். கொழுப்பைக் கரைக்கிற பித்தநீரை அது சேர்த்து வைத்துக்கொண்டு, நாம் சாப்பிடும்போது பிழிந்து விடுமாம். அந்தப் பையில் கல் உண்டாகி வாயை அடைத்தால் வலி. பையையே எடுத்துவிட வேண்டும், வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு எடுத்துவிடலாம், பை இல்லாமலும் மனிதர் சுகமாக வாழலாம் என்று டாக்டர் சொன்னார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, ஆடிப்பூரத் தேர் முடியட்டும் என்றேன். தேர் நிலைக்கு வந்ததும் தீபாவளி முடியட்டும் என்றேன். தீபாவளிக்குப் பிறகு பேச்சியின் அண்ணன் மகள் சடங்கு வந்தது.

கத்திக்கு நான் பயப்படவில்லை. எனக்குப் பயம் மயக்க மருந்துக்குத்தான். எங்கள் மில்லில் ஃபிட்டராக இருந்த சுப்பையா அண்ணன் இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும், தன் பெண்டாட்டியைப் பார்த்து "சிஸ்டர், எங்க வீட்டு அம்மாவ வரச்சொல்லுங்க" என்றாராம். அந்த அக்கா "நாந்தாங்க அது" என்று சொல்ல, "வெளையாடாதீய சிஸ்டர், அவ இன்னுங் கொஞ்சம் செவப்பு" என்றாராம். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிட்டார். மில்லே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் சிரிப்பு போய்விட்டது. கண்ணைத் திறக்கும்போது என் ஆளையே எனக்குத் தெரியாமல் போனால்? அந்த நேரத்தில் என் பெயரை வைத்துக்கொண்டு படுத்திருப்பது யார்?

வலி கேட்கவில்லை. ஒரு நாள் வாந்தியும் காய்ச்சலுமாகச் சேர்ந்து வந்து, என் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். மருந்து ஏற்றிக் காய்ச்சலை இறக்கினார்கள். இனித் தள்ளிப்போட்டால் பை அழுகிவிடும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். செலவை மில் தருகிற காப்பீடு பார்த்துக்கொண்டது; மாத்திரை, பழம், ஆட்டோதான் எங்கள் கையைக் கடித்தது.

ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டி இருதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக இழுத்தார்கள். பிறகு மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். ராஜபாளையத்துக்காரர்தான், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னார், ஆடுகிற பல் உண்டா என்று கேட்டார். அவர் கேள்வியெல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து என் கேள்வியைக் கேட்டேன்.

"நான் எங்க போவேன் டாக்டரம்மா?"

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கயும் போக மாட்டீங்க. இங்கயேதான் இருப்பீங்க. ஆனா உங்களுக்கு உங்க சேதி வந்து சேராது" என்றார்.

கரண்ட் கட் ஆகிற மாதிரியா என்று கேட்டேன். இல்லை என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். மூளையில் பல பகுதிகள் இருக்கின்றன. பார்ப்பதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று, ஞாபகத்துக்கு ஒன்று, தீர்மானம் செய்ய ஒன்று, சும்மா இருக்கும்போது நம்மைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்க ஒன்று. விழித்திருக்கும்போது இவை ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு நடக்கும்வரைதான் நமக்கு நினைவு இருக்கிறது. மயக்க மருந்து எந்தப் பகுதியையும் முழுக்க அணைத்துவிடுவதில்லை. சத்தம் காதுக்குப் போகும், காதிலிருந்து மூளையில் கேட்கிற இடத்துக்கும் ஓரளவு போய்விடும். அதற்கு மேலே, நெற்றிப் பக்கத்து மூளையும் பின்பக்கத்து மூளையும் கலந்து பேசிக்கொள்ள வேண்டும். நடுவில் தாலமஸ் என்று ஓர் இடம் இருந்து சேதியைக் கைமாற்றி விடவேண்டும். அந்தத் தொடர்புதான் அறுந்துபோகும்.

எனக்கு எங்கள் மில் கண்ணில் வந்தது. பஞ்சைச் சுத்தம் செய்கிற பக்கம் ஒரு மெஷின் ஓடுகிறது, திரி இழுக்கிற பக்கம் ஒன்று ஓடுகிறது, நூற்கிற பக்கமும் ஓடுகிறது. ஆனால் ஒரு பக்கத்துப் பண்டத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள் இல்லை. எல்லாம் ஓடுகிறது, நூல் மட்டும் வரவில்லை. அதைச் சொன்னேன்.

"கிட்டத்தட்ட அதுதான்" என்றார். "இன்னொண்ணும் நடக்கும். முழிச்சிருக்கும்போது மூளையில ஆளாளுக்கு வேற வேற பேச்சு நடக்கும். மருந்து உள்ள போனதும் எல்லாரும் சேர்ந்து மெதுவா ஒரே மாதிரி சத்தம் போட ஆரம்பிச்சிருவாங்க. அந்தச் சத்தத்துல யார் சேதி யாருக்குப் போகும்?"

"எங்க மில்லுல அம்புட்டுச் சத்தத்துலயும் நாங்க கையால பேசிக்கிடுவோமே."

"மூளைக்குக் கை கிடையாதே அம்மா" என்று அப்போதுதான் சிரித்தார்.

சுப்பையா அண்ணன் கதையையும் சொன்னேன். வயசானவர்களுக்கு, பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு அப்படிக் குழப்பம் வருவதுண்டு, பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றார். எனக்கு வராதா என்று கேட்டேன். வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். முழிக்கும்போது எல்லாம் ஒன்றாக வருவதில்லை, ஒவ்வொன்றாக வரும், வரிசையும் ஆளுக்கு ஆள் மாறும், ஆள் இன்னார் என்கிற தெளிவு வரக் கொஞ்சம் பிந்தலாம், பயப்படக் கூடாது என்றார். எப்படி இது நடக்கிறது என்பதில் இன்னும் தெரியாதது நிறைய இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த அம்மா கையில் என்னை ஒப்படைக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர்தான் முகம் வெளுத்துப்போனார். அவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். பனிமலையில் காவல் நின்ற கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இப்போது பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஒன்றில் இராக்காவல். டாக்டரம்மா போனதும் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "ஏட்டி, என்னைய மறந்துருவியோ?" என்று கேட்டார். மறந்தால் புதுசாக ஒரு தடவை பெண் பார்க்க வாங்க என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பு இல்லை.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் தலையை இரட்டைச் சடையாகப் பின்னிக்கொண்டு வரவேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். படுத்த தலைக்கு ஒற்றைச் சடை உறுத்தும் என்பதால் அங்கே அதுதான் வழக்கம். பேச்சி வரவேண்டிய பஸ் இன்னும் சோழபுரம் தாண்டவில்லை. என் கையில் டிரிப்ஸ் ஊசி. கடைசியில் என் வீட்டுக்காரரே சீப்பை எடுத்தார். பட்டாளத்தில் கூடாரக் கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கினார். இழுத்த இழுப்பில் என் புருவம் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன. நர்ஸ் பார்த்துவிட்டு, "யாரு பின்னுனது? வாரம் முழுக்க அவுராது போலயே" என்றார். ஐம்பது வயசில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தேன்.

அடுத்து நகை. கம்மல், மெட்டி எல்லாம் கழற்றியாயிற்று. கடைசியாகத் தாலிச் செயினைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். பையில் வைத்தால் தொலைந்துபோகும், சட்டைப்பையில் வைத்தால் குனியும்போது விழுந்துவிடும் என்று அவர் யோசித்தார். பிறகு தன் கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். "ஒனக்கு நான் கெட்டுனேன். செத்த நேரம் நான் போட்டுக்கிடுதேன், தப்பில்ல" என்றார். அதற்குள் வந்து சேர்ந்த பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

தியேட்டருக்குள் குளிர். நெற்றியில் ஒரு பட்டை ஒட்டினார்கள். மூளை போடுகிற அலைகளை அது பக்கத்துத் திரையில் காட்டுமாம். டாக்டரம்மா முகமூடிக்கு மேலே கண்ணால் சிரித்து, மெஷினில் கடைசியாக என்ன நூல் ஓட்டினீர்கள் என்று கேட்டார். நாற்பதாம் நம்பர் என்று சொல்ல வாயெடுத்தேன். நாற்பது என்றேனா இல்லையா தெரியாது. பூ விற்கிற அக்கா சொன்னது நிஜம். இருட்டும் இல்லை.

இதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஞாபகம் இல்லை. பேச்சியும் நர்ஸும் என் வீட்டுக்காரரும் சொன்னதைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், பேச்சி சொன்னதில்தான் ருசி அதிகம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தொண்டைக் குழாயை எடுத்து, தியேட்டருக்கு அடுத்த அறையில் கிடத்தியிருக்கிறார்கள். கண் மூடித்தான் இருந்ததாம். மூச்சு நன்றாக இருந்தது. திடீரென்று என் வலது கை எழும்பி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வெட்டி வெட்டி முறுக்க ஆரம்பித்திருக்கின்றன. ஒரு முறுக்கு, கொஞ்சம் நகர்ந்து இன்னொரு முறுக்கு. நர்ஸ் பயந்துபோய் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். டாக்டரம்மா திரையைப் பார்த்தார், என் கண்ணைத் திறந்து பார்த்தார், கதவைத் திறந்து, இவருக்கு வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வாசலை அடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். பேச்சி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. அந்துபோன இழைய ஒட்டிக்கிட்டு இருக்கா" என்றாள்.

மில்லில் நாள் முழுக்க எங்கள் வேலை அதுதான். ஓடுகிற மெஷினில் இழை அறுந்தால், விரலால் எடுத்துப் பொருத்தி முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். நான் வருவதற்கு முன்னால் என் கை வேலைக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா செத்த நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, "ஒட்டட்டும், ஒட்டட்டும். அதுதான் இப்ப வேணும்" என்று சொல்லி இருவரையும் உள்ளே விட்டிருக்கிறார்.

நான் கண்ணைத் திறந்தேன். வாயில் ஆக்ஸிஜன் முகமூடி, தொண்டை வறண்டு குரல் இல்லை. என் வீட்டுக்காரர் முன்னால் வந்து குனிய, சட்டைக்குள் இருந்த தாலி வெளியே வந்து தொங்கியது. "மணி" என்றார். அவரை ஏற இறங்கப் பார்த்தேனாம். ரோட்டில் போகிறவரைப் பார்க்கிற மாதிரியான பார்வை. மறுபடியும் கூப்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிப் பேச்சியைப் பார்த்தேன். கையைத் தூக்கி மூக்குக்குக் கீழே மீசையை முறுக்கினேன். பிறகு கழுத்தின் இரண்டு பக்கமும் விரலை வைத்து நெஞ்சுவரை இழுத்தேன். பிறகு நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுற்றினேன்.

பேச்சி அப்படியே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாள் என்றே என் வீட்டுக்காரர் நினைத்தார்.

"என்ன சொல்லுதா, பேச்சி?"

"உங்களத்தான் கேக்கா அண்ணே" என்று அவள் மனசறிந்து ஒரு பொய் சொன்னாள்.

அவர் நம்பவில்லை. என் முகத்தை நேரே பார்த்தவருக்குத் தெரியாதா? அவளுக்கு என்னைத் தெரியவில்லை என்றார். டாக்டரம்மா, கொஞ்சம் பொறுங்கள், ஒவ்வொன்றாகத்தான் சேரும் என்றார். பொறுக்க அவரால் முடியவில்லை. கட்டிலைச் சுற்றி என் கால்மாட்டுக்குப் போய் நின்றவர், "நீங்க கையாலதான பேசுவிய? என்னையச் சொல்லணும்னா எப்படிச் சொல்லுவிய?" என்று பேச்சியிடம் கேட்டார். எத்தனையோ வருஷமாக எங்கள் கைப்பேச்சைக் குரங்குச் சேட்டை என்று கேலி செய்தவர். பேச்சி தயங்கினாள். பிறகு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சல்யூட் வைத்துக் காட்டினாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெயருக்குப் பின்பாதி ஒன்று உண்டு. அண்ணன் முகத்துக்கு நேரே அதைக் காட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

அவர் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்று, எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். தாலி இன்னும் சட்டைக்கு வெளியேதான் தொங்கியது. கண்ணில் தண்ணீர் நின்றது.

நான் பார்த்தேன். நிறைய நேரம் பார்த்தேனாம். பேச்சி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பிறகு என் கை மெதுவாக எழுந்து உள்ளங்கை கன்னத்துக்குப் போனது. தலையைச் சாய்த்து, முகமூடிக்குள்ளேயே வாயை அகலத் திறந்து, குறட்டை விடுகிற மாதிரி காட்டினேன்.

"வந்துட்டா! வந்துட்டா அண்ணே" என்று பேச்சி கத்தியது வார்டு வரைக்கும் கேட்டதாம்.

இராக்காவல் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் வாயைத் திறந்து தூங்குகிற பட்டாளத்துக்காரர், அதுதான் அவர் கைப்பெயர். முன்பாதியை அவர் சொன்னார், பின்பாதியை நான் முடித்தேன். டாக்டரம்மா என்ன என்று கேட்க, பேச்சி விளக்கிச் சொல்ல, மயக்கம் தெளிகிறவரிடம் பெயரைக் கேட்டுச் சொல்ல வைப்பதுதான் டாக்டர்கள் வழக்கம், இதைவிட நல்ல கேள்வியைத் தன்னால் கேட்டிருக்க முடியாது என்று அவரும் தன் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாராம். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல், தாலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டு, திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு ஞாபகம் ஆரம்பிப்பது அதற்குப் பிறகு, சாயங்காலம் வார்டில். வயிற்றில் காற்று நிரப்பி ஆபரேஷன் செய்ததால் தோள்பட்டை வலித்தது. அது இரண்டொரு நாளில் போகும் என்றார்கள், போய்விட்டது. ஈரத் துணியால் என் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த பேச்சி, நான் முதலில் காட்டியது என்ன என்பதை அப்போதுதான் என் வீட்டுக்காரரிடம் வெளியே விட்டாள். "மேஸ்திரி தாலி கெட்டிக்கிட்டு வந்திருக்கார். கிறுக்குப் பிடிச்சிருச்சு போல. இதாண்ணே அவ சொன்னது." சிரிக்கக் கூடாது, தையல் இழுக்கும் என்று நர்ஸ் அதட்டினார். தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு சிரித்தேன். வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தேன். அடுத்த கட்டில்காரருக்கும் சொல்லி, அவரும் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் வாங்கி வந்த இளநீரை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

இரட்டைச் சடையை அவிழ்க்கத்தான் பாடாகிவிட்டது.

இப்போது யாராவது என்னிடம், மயக்கத்தில் எங்கே போனாய் என்று கேட்டால், எங்கேயும் போகவில்லை, இழைகள் அறுந்து கிடந்தன, ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வந்தேன் என்று சொல்கிறேன். என் ஆளைத் தெரியாமல்தான் கண் விழித்தேன். எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது. நடந்தபோது, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள்.

ஷிஃப்ட் முடிந்து நான் வெளியே வரும்போது என் வீட்டுக்காரர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியோடு நிற்பார். நடுவில் லாரியும் பஸ்ஸும் மில் வேன்களும் போய்க்கொண்டிருக்கும், கூப்பிட்டால் கேட்காது. முன்பெல்லாம் ஹாரனை அடித்துக்கொண்டே இருப்பார். இப்போது அடிப்பதில்லை. அத்தனை பெண்கள் பார்க்க, நெற்றிக்கு ஒரு சல்யூட் வைக்கிறார். பிறகு கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்து, வாயை நன்றாகத் திறந்து காட்டுகிறார்.